நஞ்சின் மூலம் கண்ட நல்லறிஞர் சம்புநாத் தே

நோய்க்கு மருந்து கொடுக்கும் மருத்துவர் நாடெங்கும் உளர். நோயின் மூலத்தைத் தேடிச் சென்று, அதனைக் கண்ணாற் கண்டு உலகுக்குக் காட்டும் மருத்துவரோ ஒரு தலைமுறைக்கு ஓரிருவரே தோன்றுவர். அத்தகையோருள் ஒருவர் வங்கநாட்டு மருத்துவ அறிஞர் டாக்டர் சம்புநாத் தே. வாந்திபேதி என்று நம் மக்களும், காலரா என்று மருத்துவரும் வழங்கும் கொடுநோய், மனித உடலில் உள்ள நீரைச் சில மணி நேரத்தில் எவ்வாறு வடித்துவிடுகிறது என்னும் புதிரை 1959ஆம் ஆண்டில் விடுவித்தவர் அவரே.

உலகத்து மருத்துவ நூல்கள் அவர் பெயரைப் போற்றுகின்றன. எனினும் நம் நாட்டுப் பள்ளிச் சிறுவருள் அப்பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. பிறந்த மண்ணைவிட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் நாம், ஆண்டு விழாவில் நம் தமிழ்ப் பெரியோரை நினைவுகூர்வது முறையே. அதனோடு, நம்முடன் வாழும் பிற மொழியினருள் தோன்றிய பெருமக்களையும் அறிந்து, நம் குழந்தைகளுக்கு எடுத்துரைப்பதும் நம் கடமையன்றோ? அவ்வகையில் இப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

நோயின் கொடுமை

வாந்திபேதி என்ற சொல்லைக் கேட்டாலே நம் பாட்டனார் காலத்தில் ஊர் நடுங்கும். காலையில் வயலுக்குச் சென்றவன் மாலையில் பாடையேறுவான். ஒரு வீட்டில் நுழைந்த நோய் தெருவையே வெறுமையாக்கிச் செல்லும். 1817ஆம் ஆண்டில் வங்கத்தில் பெருகிய இந்நோய், கப்பல் வழியாகவும் வணிகப் பாதைகள் வழியாகவும் பரவி, அந்நூற்றாண்டு முடிவதற்குள் பலமுறை உலகை வலம் வந்தது. லண்டன், பாரிஸ், நியூயார்க் போன்ற பெருநகரங்களும் அதற்குத் தப்பவில்லை.

இந்நோயின் இயல்பு விந்தையானது. கடுங்காய்ச்சல் பெரும்பாலும் இராது. குடலில் புண்ணும் இராது. அரிசி கழுவிய நீர் போன்ற வெண்ணிறக் கழிச்சல் மட்டும் ஓயாது பெருகும். நோய் முற்றியவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையில் நீரை இழப்பதும் உண்டு. கண்கள் குழிவிழும், தோல் சுருங்கும், குரல் கம்மும், நாடி தளரும். மருத்துவம் இல்லையெனில் கடுநோயுற்றவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டுபோவர். இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது? எது அதனைக் குடலுக்குள் இழுக்கிறது? மருத்துவ உலகம் நெடுங்காலம் விடை காணாது தவித்த வினாக்கள் இவை.

இளமையும் கல்வியும்

கல்கத்தாவுக்கு அண்மையில் உள்ள ஹூக்ளி மாவட்டத்துக் கரிபாட்டி என்னும் சிற்றூரில், 1915ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1ஆம் நாள் சம்புநாத் தே பிறந்தார். அவருடைய பாட்டனார் ஒரு காலத்தில் வளமாக வாழ்ந்தவர். வணிகம் நொடித்தமையால் குடும்பம் தாழ்வுற்றது. தந்தையார் தாசரதி தே சிறு வணிகம் செய்து குடும்பத்தைக் காத்துவந்தார். வீட்டில் கல்விச் செல்வம் பெற்றிருந்தவர் சிற்றப்பா ஒருவரே. சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்ட அவர், அவன் படிப்புத் தடைப்படாதவாறு பார்த்துக்கொண்டார்.

ஊர்ப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேர்வில் சிறப்பாகத் தேறிய சம்புநாத், உதவித்தொகை பெற்று ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். உதவித்தொகை படிப்புக்குப் போதுமானதாயினும் உணவுக்கும் உறையுளுக்கும் போதவில்லை. கல்கத்தாவில் வாழ்ந்த வள்ளல் ஒருவர் அம்மாணவருக்குத் தம் இல்லத்தில் இடமளித்து ஆதரித்தார். ஏழை மாணவன் ஒருவனுக்கு இடப்படும் சோறு எத்தகைய பயனை உலகுக்கு விளைக்கும் என்பதை இடுபவர் அறியார்.

1939ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டமும், 1942ஆம் ஆண்டில் வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயமும் பெற்ற அவர், தம் கல்லூரியிலேயே நோயியல் துறையில் செயல்முறை ஆசிரியராக அமர்ந்தார். அங்கே பேராசிரியர் பி. பி. திரிவேதியின் கீழ் ஆய்வுப் பயிற்சி தொடங்கியது. தனி மருத்துவம் செய்து பெரும்பொருள் ஈட்டும் வழி திறந்திருந்தும், பிணங்களை அறுத்து நோயின் அடிச்சுவட்டைத் தேடும் நோயியலிலேயே அவர் உள்ளம் தோய்ந்தது.

லண்டனில் கற்ற பாடம்

1947ஆம் ஆண்டு, நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டு, மாமனாரின் முயற்சியால் தே லண்டனுக்குச் சென்றார். பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் புகழ்பெற்ற நோயியல் அறிஞர் ராய் கேமரன் அவர்களிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். நரம்பு மண்டலம் தாக்குண்டபோது நுரையீரலில் ஏன் நீர் கோத்துக்கொள்கிறது என்பது அவர் ஆராய்ந்த பொருள். 1949ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

நுரையீரலுக்கும் வாந்திபேதிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. உடலின் ஓரிடத்தில் நீர் ஏன் கசிந்து தேங்குகிறது, அதனை அளப்பது எப்படி என்பனவே அங்கே அவர் கற்ற பாடங்கள். தாயகம் திரும்பியபோது அவ்வினாக்களையும் உடன்கொண்டு வந்தார். கல்கத்தா நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற அவர்முன், குடலுக்குள் நீர் பெருகி மாளும் நோயாளிகள் ஆண்டுதோறும் வந்தவண்ணம் இருந்தனர். நாட்டுப் பிரிவினையால் அகதிகள் திரண்டு வந்து நெருக்கமாகக் குடியிருந்த காலம் அது. அயல்நாட்டில் கற்ற அறிவைத் தம் ஊரின் தீராத் துயருக்குப் பயன்படுத்துவதென அவர் உறுதி பூண்டார்.

கிருமியோ? நஞ்சோ?

தே தொட்ட வினாவின் அருமையை உணர, அதற்கு முன் நிகழ்ந்தவற்றை அறிதல் வேண்டும்.

1854ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ, இந்நோய் மாசுபட்ட குடிநீரால் பரவுகிறது என்று காட்டினார். அதே ஆண்டில் இத்தாலிய அறிஞர் பாச்சினி, மாண்டவர் குடலில் நுண்கிருமிகளைக் கண்டார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1883ஆம் ஆண்டு இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து, 1884ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் காற்புள்ளி போல் வளைந்த அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். குளத்து நீரிலும் நோயாளியின் கழிச்சலிலும் அதனைக் கண்டார். அக்கிருமி ஒருவகை நஞ்சைச் சுரந்தே நோயை உண்டாக்குகிறது என்றும் ஊகித்தார்.

கோக் அவர்களின் ஊகம் சரியானதே. ஆயினும் அதனை மெய்ப்பிக்கும் வழி அவருக்குக் கிட்டவில்லை. விலங்குகளுக்கு அக்கிருமியை ஊட்டிப் பார்த்தும் மனிதரிடம் காணும் நோய் தோன்றவில்லை. 1892ஆம் ஆண்டில் அவருடைய மாணாக்கர் ரிச்சர்ட் பைஃபர், அக்கிருமியின் உடலுக்குள்ளேயே ஒரு நச்சுப்பொருள் அடங்கியிருப்பதாகவும், கிருமி மடிந்து சிதையும்போது அது வெளிப்படுவதாகவும் கண்டார். இந்த உள்நச்சு உண்மையானதே. விலங்கின் வயிற்றறையில் செலுத்தினால் அது கொல்லவும் செய்யும். ஆனால் அவ்வாறு மாண்ட விலங்கு வாந்திபேதியால் மாண்டதன்று. இந்த வேற்றுமையைப் பலரும் ஊன்றி நோக்கவில்லை. உள்நச்சே நோய்க்குக் காரணம் என்னும் எண்ணம் வேரூன்றியது. குடலின் உட்சவ்வே உரிந்து கழிகிறது, அந்த வழியே நீர் ஒழுகுகிறது என்றும் பலர் நம்பினர். எழுபது ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

முயலின் குடலில் ஒரு சோதனை

தே அவர்களின் அறிவுத்திறம் இங்கேதான் வெளிப்படுகிறது. நோய் நிகழும் இடம் குடலின் உட்புறம். ஆய்வாளரோ கிருமியை இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தனர். வாய்வழி ஊட்டினாலும் இரைப்பையின் புளிப்பும் குடலின் ஓட்டமும் அதனைத் தங்கவொட்டாமல் செய்துவிடும். ஆகவே குடலுக்குள்ளேயே கிருமியைத் தங்கச் செய்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார்.

முயலை மயக்கமுறச் செய்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு சிறு பகுதியை இருபுறமும் நூலால் கட்டினார். இரத்த ஓட்டம் கெடாதவாறு கட்டப்பட்ட அச்சிறு பைக்குள் கிருமி வளர்ந்த நீரை ஊசியால் செலுத்தினார். மற்றொரு பகுதியை அதேபோற் கட்டி, அதில் கிருமியில்லாத நீரைச் செலுத்தினார். பின்னர் வயிற்றைத் தைத்துவிட்டு ஒரு நாள் காத்திருந்தார். மறுநாள் திறந்து பார்த்தபோது, கிருமி புகுந்த பகுதி மட்டும் நீரால் நிறைந்து பருத்துக் காணப்பட்டது. உள்ளே இருந்ததோ அரிசி கழுவிய நீர் போன்ற அதே கழிச்சல்! கிருமியில்லாப் பகுதி வெறுமையாகச் சுருங்கிக் கிடந்தது.

டி. என். சட்டர்ஜி என்னும் துணையாளருடன் சேர்ந்து தே 1953ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். 1915ஆம் ஆண்டிலேயே வயோல், கிரெண்டிரோபுலோ என்னும் இருவர் இத்தகைய சோதனை ஒன்றைச் செய்திருந்தனர். ஆயினும் அது மறக்கப்பட்டு ஏட்டில் உறங்கியது. தே தாமாகவே சிந்தித்து அதனை மீண்டும் கண்டார். கட்டுவதற்கு நூல், குத்துவதற்கு ஊசி, ஒரு முயல்: இவ்வளவே அச்சோதனைக்கு வேண்டிய கருவிகள். பொருள்வளம் மிக்க நாடுகளின் ஆய்வுக்கூடங்களும் பின்னர் இந்த முறையையே கைக்கொண்டன.

நம் குடலில் வாழும் கிருமி

அடுத்து அவர் நோக்கம் வேறொரு கிருமியின்பால் சென்றது. நம் ஒவ்வொருவர் குடலிலும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, 1885ஆம் ஆண்டில் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிச் கண்டு விளக்கிய கோலை என்னும் பாக்டீரியா. பிறந்த சின்னாட்களிலேயே குழந்தையின் குடலில் குடியேறும் இக்கிருமி, பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. வீட்டில் ஓரமாக ஒதுங்கி வாழும் விருந்தினன் போல் இருந்துவிடுகிறது. அப்படியிருக்க, பேதியால் வாடும் சிலருடைய கழிச்சலில் வேறு கிருமி எதுவும் அகப்படாமல் இந்தக் கோலை மட்டுமே மிகுந்திருப்பது ஏன்?

தே அவர்களும் துணைவரும், கடும்பேதியும் நாட்பட்ட பேதியும் உற்றவரிடமிருந்து எடுத்த கோலைக் கிருமிகளை அதே முயற்குடற் சோதனைக்கு உட்படுத்தினர். உருவத்தால் ஒன்றுபோல் தோன்றிய அக்கிருமிகளுள் சில, வாந்திபேதிக் கிருமியைப் போலவே குடலை நீரால் நிரப்பின, மற்றவை நிரப்பவில்லை. 1956ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று.

இதன் பொருள் ஆழமானது. ஒரு கிருமி குடலில் இருப்பதனாலேயே நோய் வந்துவிடாது. ஒரே இனத்துள்ளும் சில, நச்சைச் சுரக்கும் ஆற்றலைப் பெற்றுள்ளன; சில பெறவில்லை. தீங்கு செய்வது கிருமியின் குலமன்று, அது ஏந்தும் படைக்கலமே என்று கூறலாம். அப்படைக்கலத்தை ஆக்கும் மரபுக்கூறு, கோலைக் கிருமியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடிய சிறு வளையங்களில் அமைந்திருப்பதைப் பிற்காலத்தார் கண்டனர். வாந்திபேதிக் கிருமிக்கும் அதன் நச்சுக்கூறு ஒரு வைரஸின் வழியாகவே வந்து சேர்ந்தது என்பதை 1996ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வால்டரும் மெகலனோசும் காட்டினர். சாதுவாக இருந்தவன் கைக்கு வாள் கிடைத்தாற்போல், சாதுவான கிருமியும் நச்சு பெற்றுக் கொடியதாகிறது.

1959: புதிர் விடுபட்டது

இனி எஞ்சியது ஒரே ஒரு வினா. முயற்குடலை நிரப்பியது கிருமியின் உடலா, அது வெளியிடும் பொருளா? 1955ஆம் ஆண்டு முதல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோயியல், பாக்டீரியவியல் துறைத் தலைவராக இருந்த தே, இதற்கு விடைகாண முற்பட்டார்.

வாந்திபேதிக் கிருமியை நீர்ம உணவில் வளர்த்தார். பின்னர் மிக நுண்ணிய வடிகட்டியின் வழியே அந்நீரைச் செலுத்தி, கிருமி ஒன்றுகூட இல்லாத தெளிந்த வடிநீரைப் பெற்றார். அவ்வடிநீரை முயற்குடற் பைக்குள் செலுத்தினார். மறுநாள் குடல் பருத்து நின்றது; உள்ளே அதே கழிச்சல் நீர். கிருமி இல்லை, நோயோ இருந்தது! ஆகவே, உயிருள்ள கிருமி தன்னைச் சூழ்ந்த நீரில் ஒரு நச்சைச் சுரக்கிறது. குடலை நீர் சொரியச் செய்வது அந்நச்சே என்பது ஐயத்துக்கிடமின்றி விளங்கிற்று. கோக் அவர்கள் அக்கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையில் ஆய்வு நிகழ்த்தி எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், அவருடைய ஊகம் அதே கல்லூரியிலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

1959ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் வெளிவந்த நேச்சர் என்னும் ஆங்கில அறிவியல் இதழில் இக்கண்டுபிடிப்பு இடம்பெற்றது. இரண்டே பக்கத்தில் அடங்கிய அக்கட்டுரையின் ஆசிரியர் தே ஒருவரே. அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தாவும் அவருடைய துணைவரும், பிறந்து சின்னாளான முயற்குட்டிகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வில், கிருமியிலிருந்து எடுத்த பொருள் பேதியை உண்டாக்குவதைத் தனியே காட்டினர். இவ்வாறு, ஐரோப்பாவும் அமெரிக்காவும் விடுவிக்காத புதிரை இந்திய ஆய்வாளர் ஒரே ஆண்டில் இரு நகரங்களில் விடுவித்தனர்.

நஞ்சு செய்யும் வேலை

அந்நச்சு எவ்வாறு வேலை செய்கிறது என்பது பின்னர் வந்தோரின் ஆய்வால் விளங்கிற்று. அது ஆறு துண்டுகளாலான புரதம். ஐந்து துண்டுகள் வளையமாக அமைந்து குடற்செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஆறாவது துண்டு செல்லுக்குள் நுழைந்து, அங்குள்ள ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்தைத் திரும்ப முடியாதவாறு இயங்கச் செய்துவிடுகிறது. திறந்த குழாயின் திருகு உடைந்தாற் போன்ற நிலை இது. செல் தன்னிடமுள்ள குளோரைடு உப்பை வெளியே தள்ளுகிறது. சோடியம் உப்பை வழக்கம்போல் உள்ளே வாங்க மறுக்கிறது. உப்பு செல்லும் வழியே நீரும் செல்வது இயற்கை. ஆதலால் இரத்தத்தில் உள்ள நீர் குடலுக்குள் பெருக்கெடுக்கிறது.

குடலின் நுண்ணிய இரத்த நாளங்களின் கசியுந்தன்மை மாறுவதே இதற்குக் காரணம் என்று தே தொடக்கத்தில் கருதினார். நாளங்களன்றிக் குடற்செல்களே நீரைச் சுரக்கின்றன என்பதைப் பிற்கால ஆய்வு தெளிவாக்கியது. எனினும் நச்சே காரணம் என்ற அவர் முடிவு மாறவில்லை. குடற்செல் சாவதுமில்லை, சவ்வு உரிவதுமில்லை. நோயாளிகளின் குடற்சவ்விலிருந்து சிறு துணுக்கெடுத்து நுணுகி நோக்கிய அமெரிக்க மருத்துவர், சவ்வு சிதையாமல் இருப்பதை 1960ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இவ்வுண்மையால் வந்த நன்மை பெரிது. சவ்வு சிதைந்ததாயின், வாய்வழி எதைக் கொடுத்தும் பயனில்லை. சவ்வு நலமாயிருப்பதால், கொடுப்பதை அது ஏற்கும். சோடியத்தைத் தனியே வாங்க மறுக்கும் செல், குளூக்கோசுடன் சேர்ந்து வந்தால் அதனை வேறொரு வாயில் வழியே வாங்கிக்கொள்கிறது. அந்த வாயிலை நச்சு அடைப்பதில்லை. உப்பும் சர்க்கரையும் அளவறிந்து கலந்த நீரே உயிர்காக்கும் மருந்தாகும் என்பது இதனால் விளங்குகிறது. 1968ஆம் ஆண்டில் டாக்காவில் இம்முறை நோயாளிகளிடம் வெற்றி கண்டது. 1971ஆம் ஆண்டில் வங்கதேசப் போரின்போது, பன்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதனைப் பெருமளவில் வழங்கினார். நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் இருந்த இறப்பு, அவர் பொறுப்பில் நூற்றுக்கு நான்கினும் கீழே இறங்கியது.

நம் இல்லத்தரசியர் இதனை மனத்திற் கொள்வது நன்று. பேதி கண்டவுடன், மருத்துவமனைப் பொட்டலம் கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து, சிறுகச் சிறுகப் பருகச் செய்தல் வேண்டும். அளவு மிகுதல் ஆகாது. நோயாளி சோர்ந்தாலும் பருக இயலாது போனாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மறதியும் நினைவும்

இத்துணைப் பெருஞ்செயல் புரிந்தவருக்கு நாடு யாது செய்தது? இதனைக் கூற நாணமே உண்டாகிறது. அவர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையின் சிறப்பைப் பலர் உடனே உணரவில்லை. நச்சைத் தூய நிலையில் பிரித்தெடுக்க அவர் முயன்றார். அதற்கு வேண்டிய கருவி வசதிகள் அவருடைய கல்லூரியில் இல்லை. பத்தாண்டுகள் கழித்து, 1969ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டைனும் லோஸ்பல்லூட்டோவும் அப்பணியை முடித்தனர். 1973ஆம் ஆண்டில் தே கல்லூரிப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். வாழ்நாளில் நாட்டின் பெரும் விருது எதுவும் அவரை நாடி வரவில்லை. நம் நாட்டு அறிவியற் கழகங்கள் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

அயல்நாடே அவரை நினைவுகூர்ந்தது. 1978ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் வாந்திபேதி பற்றி நோபல் அமைப்பு கூட்டிய கருத்தரங்குக்கு அவரை அழைத்தது. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே இறந்துபட்டவராகத் தம்மைக் கருதி வந்ததாகவும், அக்கருத்தரங்கு தம்மை மீண்டும் உயிர்ப்பித்ததாகவும் அங்கே அவர் மனம் நெகிழ்ந்து கூறினார். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க், அப்பரிசுக்குத் தே அவர்களை ஒருமுறைக்கு மேற்பட்டுப் பரிந்துரைத்தார், பரிசு கிட்டவில்லை. 1985ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ஆம் நாள், தம் 70ஆம் வயதில் அவர் மறைந்தார். அதன் பின்னரே 1990ஆம் ஆண்டில், பெங்களூரிலிருந்து வெளிவரும் கரண்ட் சயின்ஸ் இதழ் அவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் மறைந்த மகலனாபிஸ் அவர்களுக்கும், மறைவுக்குப் பின்னரே 2023ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் வழங்கப்பெற்றது. பெரியோரை வாழும்போதே போற்றும் பண்பை நாம் இன்னும் நன்கு கற்கவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

வாந்திபேதி இன்னும் உலகை விட்டு அகலவில்லை. ஆண்டுதோறும் 13 லட்சம் முதல் 40 லட்சம் மக்கள் வரை அதற்கு ஆளாகின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆயினும் காலத்தில் மருத்துவம் பெற்றோருள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இறப்பு நேர்கிறது. நச்சின் தீங்கற்ற துண்டைச் சேர்த்து ஆக்கிய தடுப்பு மருந்தும் வழக்கில் வந்துள்ளது. நஞ்சு இன்னதெனத் தே அவர்கள் காட்டியிராவிடில், இத்தகைய மருந்தை ஆக்கும் எண்ணமே எழுந்திராது.

அவர் வாழ்க்கை நம் இளைஞர்க்குக் கூறும் செய்தி எளியது. விலையுயர்ந்த கருவியும் அயல்நாட்டு வாய்ப்பும் இல்லாமல் பெருஞ்செயல் ஆகாது என்று நம்முள் பலர் எண்ணுகின்றனர். ஒரு நூலும் ஊசியும் கொண்டு எழுபதாண்டுத் தவற்றை நீக்கியவர் தே. சரியான இடத்தில் சரியான வினாவை எழுப்பியதே அவருக்கு வெற்றி தந்தது. அவ்வினாவும் ஏட்டிலிருந்து எழுந்ததன்று. தம் ஊரார் படும் துன்பத்திலிருந்து எழுந்தது.

நம் காலனிகளில் வளரும் சிறுவர் சிறுமியருள்ளும் இத்தகைய அறிவுடையோர் இருத்தல் கூடும். அவர்களுள் ஒருவருக்குப் புத்தகமோ, படிப்புச் செலவோ, தங்க ஓரிடமோ தேவைப்படுமாயின், நம் சங்கத்துக் குடும்பங்கள் முன்வந்து உதவுதல் வேண்டும். அன்று கல்கத்தாவில் ஓர் ஏழை மாணவருக்குக் கதவு திறந்த இல்லம் ஒன்று இருந்தது. அதன் பயனாய்ப் பிழைத்த உயிர்களை எண்ணிக் காட்ட எவராலும் இயலாது.